எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: படித்து முடித்தவள் சொல்வது

போன ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பா மகள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பெண் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டர். "சித்தி, நானும் உங்களாட்டமே எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் சேரலாம்னு இருக்கேன், சேரலாமுங்களா?" என்று கேட்டாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டது வேறு கேள்வி: "அதைப் படிச்சா வேலை கெடைக்குமா அம்மிணி?" இரண்டுக்குமாகச் சேர்த்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசினேன். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு பார்த்தால், சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அதனால் எழுதுகிறேன். மேற்படிப்பும் காசு கொடுத்து வாங்குகிற பொருள்தான். காசோடு இரண்டு வருஷ வயசும் போகிறது. வாங்கியவள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லவேண்டும்.

நான் படித்தது 2021 முதல் 2023 வரை, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறைகள் பல துறைகளில் இருக்கின்றன. ஒரே இடத்தின் தலையில் ஏற்றுவது சரியில்லை. செமஸ்டருக்கு 22,000 ரூபாய் கட்டணம். விடுதி எடுக்கவில்லை, திருப்பூரிலிருந்து தினமும் ரயில். களப்பயணம், ஆய்வுக்கு வாங்கிய ரசாயனம், பைண்டிங் என்று தனியாக 15,000 வரை ஆனது. இந்தத் தனிச்செலவைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் 11 பேர். வேதியியல், தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி, புவியியல் என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் வேதியியல். எனக்கு வேப்பமரத்தையும் மலைவேம்பையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. தாவரவியல் படித்த தோழி, ரசாயனத்தை அளந்து விடுகிற கண்ணாடிக் குழாயான பியூரெட்டை அதுவரை தொட்டதில்லை. முதல் இரண்டு மாதம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே பாதி நேரம் போனது. இந்தக் கலப்பு இந்தப் படிப்பின் பெரிய பலம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று சொன்னால்தான் மீதி புரியும். அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டியவர். 2011 ஜனவரி கடைசியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். மளிகைக்கடை நோட்டில் எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போனது. அம்மா பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார். பட்டறைகள் விட்ட சாயத்தண்ணீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதற்குக் கீழே இருந்த கிணறுகளும் காடுகளும் (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்) கெட்டுப்போனதுதான் வழக்கு. பாசனத்துக்கென்று 1992-இல் வந்த அணை. அதில் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று அந்தப் பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. என் அம்மாவின் அண்ணனுக்கு அந்தப் பக்கம்தான் காடு. அதற்கப்புறம் வந்த இரண்டு பொங்கலுக்கும் அப்பாவும் மாமாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பி.எஸ்சி. முடித்து நான் இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது அப்பா ஒன்றுதான் கேட்டார்: "எங்க பட்டறைய மூடுன படிப்பா கண்ணு அது?" கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் செமஸ்டரில் எங்களை நொய்யலுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று இடம். முதலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி கோயமுத்தூர்க் குளங்களுக்கு அனுப்புகிற பழைய கட்டு அது. அப்புறம் பேரூர். மூன்றாவது, நகரத்தின் சாக்கடையெல்லாம் வந்து சேர்ந்த பிறகு வருகிற ஒரு பாலத்தடி. மூன்று இடத்திலும் ஒரே வேலை: தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அங்கேயே 'பிடித்து' வைப்பது. 300 மில்லி கண்ணாடிக் குடுவையைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, ஒரு குமிழிகூட உள்ளே நிற்காமல் நிரப்பி, மூடியைப் போடவேண்டும். பிறகு பிப்பெட்டின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விட்டு மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, அடுத்து கார அயோடைடு கரைசல் 2 மில்லி. மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டவேண்டும்.

சித்திரைச்சாவடியில் ஆட்டியதும் குடுவைக்குள் நாட்டுச்சர்க்கரை நிறத்தில் பழுப்பாகத் திரண்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பேரூரிலும் பழுப்புதான், கொஞ்சம் வெளிறி இருந்தது. பாலத்தடியில் எடுத்த குடுவை வெள்ளையாகத் திரண்டது. நான் மறுபடி ஆட்டினேன். வெள்ளையாகவே நின்றது. ரசாயனத்தை மாற்றி ஊற்றிவிட்டேனோ என்று பயந்து மேடத்திடம் காட்டினேன். அவர் குடுவையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எல்லோரையும் கிட்டே வரச்சொன்னார். ஆக்ஸிஜன் இருந்தால் மாங்கனீஸ் அதை எடுத்துக்கொண்டு பழுப்பாகும். எடுக்க ஒன்றும் இல்லை, அதனால் வெள்ளை. அவ்வளவுதான் சொன்னார்.

நல்ல தண்ணீரிலேயே 25 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்ஸிஜன் கரையும். ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்று சொல்ல 5 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. ஆறு நாறுகிறது என்று சின்ன வயசிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன். இந்தப் படிப்பு கொடுத்த எல்லாவற்றிலும் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த வெள்ளைக் குடுவை. உங்கள் துறை உங்களை முதல் செமஸ்டரிலேயே ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறதா என்று கேளுங்கள். வகுப்பில் படம் போட்டுக் காட்டிவிட்டு நேரே தேர்வுக்கு அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன.

ஆய்வகத்தில் ஒழுங்கு பழகும். பிஓடி என்கிற சோதனை, தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்று பார்ப்பது. பழைய புத்தகங்களில் 20 டிகிரியில் 5 நாள் என்று இருக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு 27 டிகிரியில் 3 நாள் என்பதே இங்கே நடைமுறை. வியாழக்கிழமை சாம்பிள் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்க்கவேண்டும், ஞாயிறு கல்லூரி பூட்டு. அதனால் எங்கள் வாரமே பிஓடியை வைத்துத்தான் ஓடியது: வெள்ளிக்கிழமை ஆற்றுக்கு, திங்கட்கிழமை டைட்ரேஷனுக்கு, அதாவது கரைசலைத் துளித்துளியாக விட்டு மிச்ச ஆக்ஸிஜனை அளக்க.

இங்கேதான் முதல் குறை. குடுவைகளை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிற பெட்டிதான் இன்குபேட்டர். துறையின் இன்குபேட்டருக்கு மாற்று மின்சாரம் கிடையாது. ஒரு சனிக்கிழமை இரவு கரண்ட் போய் ஞாயிறு மத்தியானம்தான் வந்தது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் இன்குபேட்டர் மறுபடி 27 டிகிரியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. காவலாளி அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் தப்பான எண்களை நோட்டில் எழுதியிருப்போம். எட்டு குடுவையையும் கொட்டிவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போனோம். இதற்கு இன்வெர்ட்டர் கேட்டு நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு நான் படித்து முடிக்கும்வரை பதில் வரவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. சேர்க்கைக் கையேட்டில் அணு உறிஞ்சல் நிறமாலைமானியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். துறையில் எல்லோரும் ஏஏஎஸ் என்பார்கள். கன உலோகங்களை அளக்க அதுதான் வேண்டும். கருவி இருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி விளக்கு போடவேண்டும். ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் மட்டும்தான் விளக்கு இருந்தது, அசிட்டிலீன் சிலிண்டர் காலி. நான்கு செமஸ்டரில் அது ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு நாள், ஆய்வுக்குழு வந்த அன்றைக்கு. குரோமியம் பார்க்கவேண்டியிருந்த தோழி சாம்பிளுக்கு இவ்வளவு என்று கைக்காசு கொடுத்து வெளியில் பார்த்தாள். இரண்டு வருஷக் கட்டணம் கட்டிய பிள்ளைக்கு இது அநியாயம். கருவி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்த மாதம் ஓட்டினீர்கள், பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அதே ஆய்வகத்தில் ஒன்றை மனசார மெச்சவேண்டும். சிஓடி என்பது தண்ணீரில் இருக்கும் அழுக்கை ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்று பார்க்கிற சோதனை. அதில் டைக்ரோமேட்டோடு பாதரசச் சல்பேட்டும் வெள்ளிச் சல்பேட்டும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவோம். கடைசியில் பச்சை நீலம் சட்டென்று செம்பழுப்பாகத் திரும்பும், பார்க்க அழகாக இருக்கும். மிஞ்சுகிற கரைசலில் பாதரசமும் குரோமியமும் இருக்கும். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் அதற்கென்று மூடி போட்ட கேன் ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். ஒரு மில்லியைத் தொட்டியில் ஊற்றினாலும் அன்றைக்கு லேப் கிடையாது. "நாமளே ஊத்திட்டு நாமளே போய் அளக்கறதா அம்மிணி?" என்பார். அவருடைய கண்டிப்பு இப்போது வேலையிலும் என் கூடவே வருகிறது. ஒரு துறையைப் பார்க்கப் போனால், சிஓடி கழிவு எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலிலேயே அந்தத் துறை எப்படி என்று தெரிந்துவிடும்.

பாடத்தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூழலியல், சுற்றுச்சூழல் வேதியியல், நச்சியல், திடக்கழிவு, காற்று மாசு, புள்ளியியல், தொலையுணர்வு என்று வரிசையாக வரும். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள், கடைசி செமஸ்டரில் அது இல்லாமல் ஒரு பக்கம் எழுத முடியாது. தொலையுணர்வு என்றால் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைப் படிப்பது. அதற்குப் பெரிய செலவு இல்லை: வரைபடம் போடுகிற கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், சென்டினல்-2 படமும் அப்படியே. சிங்காநல்லூர்க் குளத்தின் தண்ணீர்ப் பரப்பு வருஷா வருஷம் எப்படி மாறுகிறது என்று என் பழைய லேப்டாப்பிலேயே வரைந்தேன். காலநிலை மாற்றத் தாளை மட்டும் யாரோ எழுதிய குறிப்பைப் படித்து ஒப்பித்தோம். எனக்கு அது வருத்தம்தான்.

சட்டத் தாள் நான் எதிர்பார்க்காத விருந்து. 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், போபாலுக்குப் பின் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று வருஷம் மனப்பாடம் செய்கிற தாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆசிரியர் முதல் வாரமே பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நகலெடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறித்தான் படித்தேன். ஆனால் அதைப் படித்த பிறகு 2011 எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த ஒன்று அல்ல என்று புரிந்தது.

அதே தாளுக்காக ஒரு கல்குவாரிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனோம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கையின்படி, இப்படிப்பட்ட திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டம் நடத்தவேண்டும். 30 நாளாவது முன்னால் சொல்லவேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும். சாமியானா பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்தார்கள். நான் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் தமிழ், ஆனால் வாக்கியம் எதைச் சொல்கிறது என்று பிடிபடவில்லை. எங்கள் முன் வரிசையில் ஒரு பாட்டி அந்தத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார். "இதுல எழுதியிருக்கறது எனக்குத் தெரியாதுங்க சாமி. எங்க கெணத்துல தண்ணி எறங்குமா எறங்காதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்கவேண்டிய இடம் எது, அந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் எத்தனை முறை அளந்திருக்கவேண்டும் என்றெல்லாம் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு விளங்குகிற மாதிரி சொல்லத் தெரிந்திருக்கவில்லை. அதை எந்தப் பாடத்தாளும் கற்றுக்கொடுக்கவில்லை. சேர்க்கவேண்டும் என்று பலமாக நினைக்கிறேன்.

இனி ஆய்வு. கடைசி செமஸ்டர் முழுக்க அதுதான், என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் பாதி மதிப்பு அதில்தான். மூன்றாம் செமஸ்டரிலேயே தலைப்பை முடிவு செய்து ஆரம்பித்துவிட்டேன்: ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உள்ள கிணற்றுத் தண்ணீர் பாசனத்துக்கு எப்படி இருக்கிறது. 18 கிணறு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. வழிகாட்டி ஆசிரியர் அனுமதி கொடுத்துவிட்டு, "போக வர வழி இருக்கா?" என்றார். அந்தப் பக்கம் பஸ் குறைவு. அப்பா தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்தார்.

ஐஸ் பெட்டி முன்னால், நான் பின்னால், குடுவைப் பை என் மடியில். முதல் கிணறே மாமாவுடையது. மோட்டார் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, வாளியில் பிடித்து, கடத்துதிறன் மீட்டரை விட்டேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அது காட்டும்; உப்பு கூடினால் எண்ணும் கூடும். எண் ஏறி ஏறி நின்றது. நோட்டில் எழுதிவிட்டு, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணக்குப் போட்டேன். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிலை. மாமா கிணறு அந்த 2,000-ஐயும் தாண்டி நின்றது. சாய ஆலைகள் மூடி, திறந்து, பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும்.

"இவ்வளவும் உப்பா கண்ணு?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வாளியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கறுப்பு லாட் ஓட்டினா மூட்டை மூட்டையா கொட்டுவோம். வெளிர் கலர்னா கம்மி. நேவி, கறுப்பு, மெரூன்னா உப்பு இல்லாம சாயம் துணியில ஏறாது." நான் புத்தகத்தில் படித்திருந்த வேதியியலை அவர் மூட்டைக் கணக்கில் வைத்திருந்தார். சாயம் பருத்தியில் பிடித்துக்கொள்ளும், உப்பு பிடிக்காது. சாயத்தை ஏற்றிவிட்டு அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியே வரும். பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்தன, கசடைப் பிரித்தன. கரைந்த உப்பு அதில் போகவே போகாது. வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற விதியை அவற்றால் எட்ட முடியாமல் போனதும் இதனால்தான். தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் உப்பு அப்படியே ஆற்றில் இறங்கியது. மாமா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள, எளநி வெட்டட்டுங்களா?" என்று எழுந்து போனார்.

கல்லூரியில் அந்தத் தண்ணீரைச் சுடர் ஒளிமானியில் வைத்தேன். நீலச் சுடருக்குள் சாம்பிள் துளி போனதும் மஞ்சளாக எரியும், அந்த மஞ்சள்தான் சோடியம். கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டுச் சோடியம் எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால், அந்தத் தண்ணீர் மண்ணை என்ன செய்யும் என்று சொல்லலாம். சோடியம் மிஞ்சினால் களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். மேலே தண்ணீர் நிற்கும், வேருக்கு இறங்காது, காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். "காடு கல்லாப் போச்சு" என்று மாமா அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்த அன்றைக்கு அப்பாவின் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். பட்டறையை மூடியது இந்தப் படிப்பு இல்லை. உப்பை எடுக்க வழி வைக்காமல் ஓட்டியதால் மூடினார்கள். இப்போது திருப்பூரில் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்ஓ) வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். அப்பாவும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த ஒரு பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். கடைசியில் பிரிக்க முடியாமல் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கு இன்னும் ஒரு நல்ல வழி தேவை. அந்த வேலைக்கும் இந்தப் படிப்புக்காரர்கள்தான் வரவேண்டும்.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் வகுப்பின் 11 பேரில் இரண்டு பேர் பிஎச்.டி. செய்கிறார்கள். என்னையும் சேர்த்து மூன்று பேர் தண்ணீர், கழிவுநீர் சோதனை ஆய்வகங்களில். ஒருவர் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில், ஒருவர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில். இரண்டு பேர் பி.எட். முடித்துப் பள்ளியில். மீதி இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். என் முதல் சம்பளம் 13,500. இரண்டு வருஷத்தில் 21,000 ஆகியிருக்கிறது. பெரிய சம்பளம் இல்லை. சேருவதற்கு முன் வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசிவிடவேண்டும். பிணைக்கடன் வாங்கிப் படிக்கிற அளவுக்கு இந்தப் படிப்பு உடனே திருப்பித் தராது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். நமக்குச் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்ற பணி இருக்கிறது, ஆனால் அறிவிப்பு அடிக்கடி வராது, வேதியியல், விலங்கியல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதுகிற யுஜிசி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே உண்டு. ஜேஆர்எஃப் என்கிற அந்த உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கேட் தேர்விலும் 2021 முதல் தனித்தாள் வந்துவிட்டது. ஆராய்ச்சி ஆசை இருந்தால் முதல் வருஷமே இந்தத் தேர்வுகளுக்குப் படிக்க ஆரம்பித்துவிடவேண்டும், நான் அதைச் செய்யவில்லை. இன்னொரு ஆதங்கம்: இளநிலை மாணவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாகப் படிக்கவேண்டும். ஆனால் பல கல்லூரிகளில் அந்த மணி நேரத்தை யாருக்கு நேரம் இருக்கிறதோ அவருக்குத்தான் ஒதுக்குகிறார்கள். இதையே படித்தவர்களை நியமித்தால் பாடமும் உருப்படும், எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை வரும்.

எங்கே சேர்வது என்றும் அவள் கேட்டாள். கோயமுத்தூரிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், டெல்லி ஜேஎன்யு மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி-பிஜி என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதிப் போகவேண்டும்; அங்கே கட்டணம் குறைவு, அதனால் முதலில் அதற்கு முயற்சி செய்யச் சொன்னேன். பக்கத்துக் கல்லூரி என்றால் ஒரு வேலை நாளில் நேரே போய் ஆய்வகத்தைப் பார்க்கவேண்டும். போன வருஷத்து ஆய்வேடுகளை நூலகத்தில் கேட்டு வாங்கிப் புரட்டவேண்டும். பிள்ளைகள் சொந்தமாக ஆற்றுக்கும் குளத்துக்கும் போய் எடுத்த எண்கள் அதில் இருந்தால் தைரியமாகச் சேரலாம். எல்லா ஆய்வேடும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருந்தால் வேண்டாம்.

வெயிலில் நிற்க, சாக்கடை ஓரம் இறங்க, ஒரே சோதனையை மூன்று தடவை செய்ய மனசு இருக்கிறவர்களுக்கு இந்தப் படிப்பை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். கருவிக்கும் சம்பளத்துக்கும் குறைத்து ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஒரு பட்டம் இருந்தால் போதும் என்று வருகிறவர்கள் அந்த இரண்டு வருஷத்தை வேறெதிலாவது போடலாம்.

அக்கா மகளை வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வகத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன், மேனேஜரிடமும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு பிஓடி வைக்கிற நாள். அவள் கையாலேயே இரண்டு குடுவை வைக்கட்டும். திங்கட்கிழமை மறுபடி வந்து அவளே அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் விண்ணப்பம் போடட்டும்.